பதினொரு நிமிடப் பாடம்: ஒரு திரைப்பதிவு இருமுறை உருவான விவரம்

ஒரு கணினிக்கு நான்கு பேர் அமரும் பள்ளி ஆய்வகத்தில், வாரத்துக்கு இரண்டே பாடவேளைகளில், லிப்ரெஆபீஸ் கால்க் என்ற இலவச அட்டவணை மென்பொருளைக் கொண்டு மதிப்பெண் பட்டியல் போடுவதை வகுப்பு முழுவதற்கும் செய்து காட்டி முடிப்பது நடக்கிற காரியமல்ல. தஞ்சாவூர் மாவட்டத்து அரசு மேல்நிலைப் பள்ளி ஒன்றில் கணினி ஆசிரியையாக இருக்கும் என் பெரியப்பா மகள், இந்தக் காரணத்தால்தான், பிள்ளைகள் வீட்டிலிருந்து கைபேசியில் பார்த்துக்கொள்ளும்படி ஒரு திரைப்பதிவு செய்து தர முடியுமா என்று கேட்டார். மொத்தம், சராசரி, தேர்ச்சி பெறாத மதிப்பெண்ணைச் சிவப்பில் காட்டுதல், ரேங்க் போடுதல் ஆகிய நான்குதான் பாடம். மென்பொருளுக்குக் காசு செலவழிக்கும் பேச்சே எழவில்லை. கையில் இருந்தவை உபுண்டு என்ற இலவச இயங்குதளம் நிறுவிய பழைய மடிக்கணினி ஒன்றும், கைபேசியோடு வந்த இயர்போனும் மட்டுமே. அக்காவும் நானும் அந்தப் பாடத்தை இருமுறை பதிவுசெய்தோம். முதல் பதிவு ஒரே மாலையில் முடிந்து, மூன்றே நாளில் திரும்பப் பெறப்பட்டது. இரண்டாவது பதிவு இன்றும் பயன்பாட்டில் இருக்கிறது. இரண்டுக்கும் மென்பொருள் ஒன்றே, கணினி ஒன்றே, பேசிய குரலும் ஒன்றே என்பதால் எது மாறியது என்பதை எழுதிவைப்பது பயன்படும் என்று தோன்றியது.

முதல் மாலை

பதிவுக்கு ஓபிஎஸ் ஸ்டூடியோவைத் தேர்ந்தெடுத்தோம். ஜிம் பெய்லி 2012இல் வெளியிடத் தொடங்கிய இந்த மென்பொருள், யாரும் இலவசமாகப் பயன்படுத்தவும் மாற்றவும் இடம் தரும் ஜிபிஎல் உரிமத்தில் கிடைக்கிறது. லினக்ஸ், விண்டோஸ், மேக் மூன்றிலும் ஓடுகிறது. நேரலைக்காக உருவானது என்பதால் பதிவு மட்டுமே வேண்டுபவருக்குத் தேவையில்லாத பொத்தான்கள் இதில் நிறைய உண்டு. ஆனாலும் திரை, ஒலி, கோப்பு வடிவம் ஆகிய மூன்றையும் நம் விருப்பப்படி அமைக்க இடம் தருவதில் இலவச மென்பொருள்களுக்குள் இதற்கு நிகர் இல்லை என்பது என் எண்ணம்.

அன்று நான் செய்த முதல் தவறு, கைபேசியில் எளிதாக ஓடும் என்று கருதிப் பதிவாகும் காணொளிக் கோப்பின் வடிவத்தை எம்கேவியிலிருந்து எம்பி4க்கு மாற்றியது. ஒன்பதாவது நிமிடத்தில் மின்சாரம் போயிற்று. மடிக்கணினியின் பேட்டரி உயிர்விட்டு ஓராண்டு ஆகியிருந்ததால் கணினியும் கூடவே அணைந்தது. மின்சாரம் திரும்பியபோது கோப்பு அங்கேயே இருந்தது, அதன் அளவும் சரியாகவே காட்டியது, ஆனால் எந்த இயக்கியிலும் திறக்கவில்லை. எந்த ஃப்ரேம் (காணொளியின் தனிப்படம்) கோப்பின் எந்த இடத்தில் இருக்கிறது என்று சொல்லும் அட்டவணையை வழக்கமான எம்பி4 பதிவு முடியும்போதுதான் எழுதுகிறது. அந்த அட்டவணை இல்லாவிட்டால் உள்ளே இருக்கும் படமும் ஒலியும் பூட்டிய பீரோவுக்குள் இருக்கும் துணிதான். எம்கேவி அப்படியல்ல; எந்த நொடியில் அறுந்தாலும் அதுவரை பதிவானது மிஞ்சும். 2024இல் வந்த 30.2ஆம் பதிப்பு முதல் ஓபிஎஸ்ஸில் ஹைப்ரிட் எம்பி4 என்ற ஏற்பாடு இருக்கிறது. அதுவும் இடையில் அறுந்த பதிவைக் காப்பாற்றும். எங்களிடம் இருந்தது அதற்கு முந்தைய பதிப்பு. எம்கேவியில் பதிந்துவிட்டு, அதே மென்பொருளின் கோப்புப் பட்டியலில் உள்ள ரீமக்ஸ் கட்டளையால் எம்பி4 ஆக்கிக்கொள்வதற்குச் சில நொடிகள் போதும். மறுகுறியாக்கம் (படத்தை மீண்டும் சுருக்கி எழுதுவது) நடப்பதில்லை என்பதால் தரமும் குறைவதில்லை. இதை அறிந்திருந்தும் செய்யவில்லை.

எட்டு மணிக்கு மேல் மறுபடி பதிந்தோம். அக்கா பாடம் சொல்லிக்கொண்டே மௌஸை நகர்த்தினார். நடுவில் இருமுறை தடுமாறி, "இல்ல, மறுபடி பார்ப்போம்" என்று திருத்திக்கொண்டார். அதை வெட்ட நேரமில்லாமல் அப்படியே வகுப்பின் செய்திக் குழுவில் போட்டுவிட்டோம். பதினேழு நிமிடம் ஓடியது. மறுநாள் ஒரு மாணவர் எழுதிய முதல் வரி: "மிஸ், எழுத்தே தெரியல. ஃபேன் சத்தம்தான் கேக்குது."

இவற்றைவிடப் பெரிய பிழை ஒன்று அதில் இருந்ததை இரண்டு நாள் கழித்துத்தான் கவனித்தோம். எடுத்துக்காட்டுக்கென்று அக்கா திறந்தது அவருடைய வகுப்பின் உண்மையான காலாண்டுத் தேர்வுப் பட்டியல். பிள்ளைகளின் பெயர்களும், யார் எதில் தவறினார்கள் என்பதும் சிவப்பு நிறத்தில் திரையில் ஓடின. பதிவைத் திரும்பப் பெற்றதற்கு மங்கலான எழுத்து காரணமல்ல, இதுதான் காரணம். திரைப்பதிவு என்பது திரையில் உள்ள அனைத்தையும் பதியும் என்பது சொல்லத் தேவையில்லாத உண்மையாகத் தோன்றும். தன் மேசையில் தினமும் கிடக்கும் கோப்பு தன் கண்ணுக்கே தெரியாமல் போவதுதான் இதில் உள்ள ஆபத்து. இரண்டாம் முறை அந்தக் கணினியில் பதிவுக்கென்றே புதிய பயனர் கணக்கு ஒன்றைத் தொடங்கினோம். அதில் மின்னஞ்சல் இல்லை, பழைய கோப்புகள் இல்லை, அறிவிப்புகள் நிறுத்தப்பட்டிருந்தன. பத்து கற்பனைப் பெயர்களைக் கொண்டு ஒரு பட்டியலும் தயாரித்தோம்.

எழுத்து மங்கியதன் கணக்கு

மாணவர் சொன்ன குறைக்கு மூன்று காரணங்கள் இருந்தன.

முதலாவது வெறும் அளவுக் கணக்கு. 15.6 அங்குல மடிக்கணினித் திரையின் அகலம் ஏறத்தாழ 34.5 சென்டிமீட்டர். 6.5 அங்குலக் கைபேசியைப் படுக்கவைத்துப் பார்த்தாலும் அதில் 16:9 படம் பிடிக்கும் அகலம் ஏறத்தாழ 12 சென்டிமீட்டர்தான். அதாவது நாம் காணும் எதுவும் பிள்ளைகளின் கையில் மூன்றில் ஒரு பங்காகிவிடுகிறது; நம் திரையில் மூன்று மில்லிமீட்டர் உயரமுள்ள எண் அங்கே ஒரு மில்லிமீட்டர். இதற்கு எந்தக் குறியாக்க அமைப்பிலும் மருந்தில்லை. கால்க்கின் காட்சி அளவை 160 விழுக்காட்டுக்கு உயர்த்தி, பக்கப் பட்டையை மூடி, பெயர், ஐந்து பாடங்கள், மொத்தம், சராசரி, ரேங்க் என்ற ஒன்பது நெடுவரிசைகள் மட்டும் திரையில் நிற்கும்படி செய்தோம்.

இரண்டாவது காரணத்தைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு மாலை முழுதும் ஆயிற்று. மடிக்கணினியின் திரை 1366×768 பிக்சல். ஓபிஎஸ்ஸிலும் அதே அளவைத்தான் கொடுத்திருந்தேன். எனவே உருமாற்றம் எதுவும் நடக்காது என்று நம்பினேன். பதிவான கோப்பின் விவரத்தைப் பார்த்தபோது அகலம் 1364 என்றிருந்தது. வெளியீட்டின் அகலம் நான்கால் வகுபட வேண்டும் என்பதற்காக ஓபிஎஸ் அதைக் கீழ்நோக்கித் திருத்திக்கொள்கிறது. 1366 நான்கால் வகுபடாது. இரண்டு பிக்சல்தானே என்று விட முடியாது, ஏனெனில் அந்த இரண்டைக் குறைப்பதற்காகப் படம் முழுவதும் கிடைமட்டமாக மறு அளவாக்கப்படுகிறது. ஒற்றைப் பிக்சல் தடிமனுள்ள எழுத்தின் செங்குத்துக் கோடுகள் எல்லாம் பக்கத்துப் பிக்சலில் கசிகின்றன. புகைப்படத்தில் இது தெரியவே தெரியாது. எண்கள் நிறைந்த அட்டவணையில் தெரிகிறது. தீர்வு எளியது: பதிவுக்கு முன் திரையின் அளவையே 1280×720 ஆக்கினோம், ஓபிஎஸ்ஸின் அடிப்படை அளவு, வெளியீட்டு அளவு, பின்னர் தொகுப்பு மென்பொருளின் திட்ட அளவு மூன்றையும் அதே 1280×720இல் வைத்தோம். மடிக்கணினித் திரை சற்று மங்கலாகத் தெரிந்தது. பதிவில் எழுத்து கத்தரித்ததுபோல் நின்றது. பதிவு செய்பவர் கண்ணுக்கு அழகாக இருப்பதும் பதிவில் அழகாக இருப்பதும் ஒன்றல்ல என்று இதற்குமுன் எனக்கு உறைத்ததில்லை.

மூன்றாவது, நிறம். 35க்குக் கீழான மதிப்பெண்கள் வெள்ளைப் பின்னணியில் சிவப்பு எண்களாக மாறும்படி கண்டிஷனல் ஃபார்மேட்டிங் அமைத்திருந்தோம். பாடத்தின் முக்கியமான காட்சியே அதுதான். அந்த எண்களே எல்லாவற்றிலும் மோசமாக மங்கின. பெரும்பாலான காணொளிக் கோப்புகள் ஒளியளவை ஒவ்வொரு பிக்சலுக்கும், நிறத்தை மட்டும் நான்கு பிக்சலுக்கு ஒருமுறையும் சேமிக்கின்றன. கறுப்பு எழுத்துக்கு இதனால் இழப்பில்லை. மெல்லிய சிவப்பு எழுத்தில் பாதி அடையாளம் நிறத்தில் இருப்பதால் அதன் விளிம்பு கரைந்துவிடுகிறது. ஓபிஎஸ்ஸின் மேம்பட்ட அமைப்பில் நிறத்தை முழுதாகச் சேமிக்கும் ஐ444 என்ற தேர்வு உண்டு. ஆனால் அப்படிப் பதிந்த கோப்பைப் பல கைபேசிகள் ஒழுங்காக இயக்குவதில்லை என்பதால் அந்த வழியை விட்டோம். எண்ணைக் கறுப்பாகவே வைத்துக்கொண்டு அது இருக்கும் கட்டத்தின், அதாவது செல்லின், பின்னணியை இளஞ்சிவப்பாக்கினோம். சிக்கல் அத்தோடு தீர்ந்தது.

குறியாக்கத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. திரைப்பாடத்துக்கு நொடிக்கு 30 ஃப்ரேம் தாராளம். பழைய கணினி திணறாமலிருக்க எக்ஸ்264 என்ற காணொளிச் சுருக்க நிரலின் வேகமான அமைப்பில், சிஆர்எஃப் 18 என்ற உயர்ந்த தரத்தில் பதிந்தோம். கோப்பு பெரிதாகத்தான் வந்தது. சுருக்கும் வேலையைக் கடைசி ஏற்றுமதிக்கு விட்டுவைத்தோம். உபுண்டுவின் புதிய திரை ஏற்பாடான வேலேண்டு அமர்வில் விசையழுத்தங்களைத் திரையில் காட்டும் ஸ்கிரீன்கீ வேலை செய்யாததால், உள்நுழையும்போதே பழைய எக்ஸ் அமர்வைத் தேர்ந்துகொண்டோம்.

குரலைத் தனியே எடுத்தல்

முதல் பதிவைக் கெடுத்தது உண்மையில் படமல்ல, பேசிக்கொண்டே செய்தது என்பதே என் முடிவு. பேசும்போது கை தாமதிக்கிறது. கை தேடும்போது வாய் "இப்ப வந்து, இங்க வந்து" என்று நிரப்புகிறது. ஒன்றில் தவறினால் இரண்டையும் மறுபடி செய்ய வேண்டியிருக்கிறது.

இதற்கு மாற்று வழி நம் நாட்டிலேயே பல ஆண்டுகளாகச் சோதிக்கப்பட்டிருக்கிறது. மும்பை ஐஐடியில் பேராசிரியர் கண்ணன் மௌட்கல்யா தலைமையில், மத்திய கல்வி அமைச்சகத்தின் நிதியுதவியோடு வளர்ந்த ஸ்போக்கன் டுடோரியல் திட்டம், கட்டற்ற மென்பொருள்களைப் பத்து நிமிட அளவிலான திரைப்பாடங்களாகக் கற்பிக்கிறது. ஒரு பக்கம் திரையில் நடப்பது, மறுபக்கம் பேசப்படுவது என்று இரண்டு பத்திகளாக உரை எழுதப்பட்டு, பாடம் தெரியாத ஒருவர் அதைப் படித்துப் பார்த்த பிறகே அங்கு பதிவு தொடங்குகிறது. ஒரே படத்தின் மேல் தமிழ் உட்பட இந்திய மொழிகள் பலவற்றில் குரல் ஏற்ற முடிவதும் குரலும் படமும் தனித்தனியே இருப்பதால்தான். பார்க்க ஆடம்பரமற்ற பாடங்கள். ஆனால் எந்த இடத்திலும் பேச்சு தட்டுத் தடுமாறி நான் கேட்டதில்லை.

அந்த முறையை அப்படியே எடுத்துக்கொண்டோம். அக்கா உரையை எழுதினார். எட்டாம் வகுப்புப் படிக்கும் அவர் மகன் அதைப் படித்துவிட்டு, "ஃபில் ஹேண்டில்னு சொல்ற, அது எங்க இருக்கும்மா?" என்று கேட்டான். செல்லின் வலது கீழ் மூலையில் இருக்கும் அந்தச் சிறு சதுரத்துக்காக உரையில் ஒரு வாக்கியமும் படத்தில் ஒரு பெரிதாக்கமும் சேர்ந்தன. கலைச்சொற்களில் ஒரு விதி வைத்துக்கொண்டோம்: ஆய்வகத்துக் கணினிகளில் இடைமுகம் ஆங்கிலத்தில் இருப்பதால், திரையில் காணும் பெயரைத் திரையில் உள்ளபடியே சொல்வது, அதன் பொருளை ஒருமுறை தமிழில் விளக்குவது. 'கலம்' என்று சொல்லிவிட்டுத் திரையில் வேறு சொல்லைத் தேடவைப்பதில் பயனில்லை. இறுதி உரை ஏறத்தாழ 900 சொற்கள் இருந்தது. அதுவே பதினொரு நிமிடப் பேச்சாயிற்று.

குரல் பதிவு அரையாண்டு விடுமுறையில் நடந்தது. அதிகாலை அமைதியாக இருக்கும் என்று கணக்குப் போட்டு நாலரைக்கு எழுந்தோம். மார்கழி மாதம் என்பதை இருவருமே மறந்துபோனோம். கோயில் ஒலிபெருக்கி எங்களுக்கு முன்பே விழித்திருந்தது. அன்றிரவு பத்தரை மணிக்கு, மின்விசிறியை நிறுத்தி, துணிகள் அடுக்கிய பீரோவின் கதவுகளைத் திறந்துவைத்து, அதன் முன் ஒரு கம்பளியைத் தொங்கவிட்டு, ஆடாசிட்டி என்ற இலவச ஒலிப்பதிவு மென்பொருளில் பதிந்தோம். இயர்போனின் மைக்கை வாய்க்கு நேராக இல்லாமல் கன்னத்தோரமாக, ஒரு சாணுக்குக் குறைவான தூரத்தில், சட்டைக் காலரில் ஊக்கால் குத்தியிருந்தோம். நேராக இருந்தால் 'ப' வரும் இடமெல்லாம் காற்று அடிக்கும். தமிழில் 'ப' வராத வாக்கியம் ஏது? பத்தி பத்தியாகப் படித்து, பிடிக்காததை உடனே மறுபடி படித்தார்.

முதல் பதிவில் மின்விசிறி ஒலியை ஓபிஎஸ்ஸின் இரைச்சல் நீக்கி ஏற்கெனவே கொஞ்சம் குறைத்திருந்தது. ஆர்என்என்ஆய்ஸ் என்ற நரம்பியல் வலையமைப்பைக் கொண்ட அந்த வடிகட்டி திறமையானது. என்றாலும் குரலைவிட இரைச்சல் ஓங்கிய இடங்களில் சொற்களின் கடைசி எழுத்தையும் சேர்த்து விழுங்கியது. 'கூட்டினால்' என்பது 'கூட்டினா' என்று கேட்டது. இம்முறை அறையே அமைதியாக இருந்ததால், ஆடாசிட்டியில் இரண்டு நொடி வெற்று ஒலியை மாதிரியாகக் கொடுத்து, 6 டெசிபல் மட்டும் குறைத்தோம். காதுக்குக் கேட்கும் ஓங்கலை அளக்கும் எல்யுஎஃப்எஸ் கணக்கில் ஒலியளவை மைனஸ் 16க்குச் சமன்செய்தோம். ஆடாசிட்டி இயல்பாகக் காட்டும் மைனஸ் 23 ஐரோப்பிய ஒளிபரப்பு அளவு. கைபேசியின் சிறு ஒலிபெருக்கியில், பக்கத்தில் மிக்ஸி ஓடும் வீட்டில், அது போதாது.

தொகுப்பு

கேடென்லைவ் என்ற இலவசக் காணொளித் தொகுப்பு மென்பொருளில் முதலில் குரலை வைத்தோம், அதன் கீழ்ப் படத்தை வெட்டி ஒட்டினோம். இந்த வரிசை முக்கியம் என்று நினைக்கிறேன். படத்தை முதலில் வைத்தால் பேச்சு அதன் பின்னால் ஓட வேண்டியிருக்கும். குரல் முதலில் இருந்தால், விளக்கம் நீளும் இடத்தில் படத்தின் ஒரு ஃப்ரேமை உறையவைத்து நீட்டலாம், மெனு திறக்கக் காத்திருந்த நொடிகளைச் சத்தமின்றி வெட்டலாம். பேச்சற்ற படத்தில் வெட்டு தெரிவதே இல்லை. பதினேழு நிமிடம் பதினொன்றானது இப்படித்தான்.

ஒவ்வொரு சொடுக்குக்கும் திரையைத் தானாகப் பெரிதாக்கும் கருவிகள் இப்போது பல கிடைக்கின்றன. ஓபிஎஸ்ஸிலும் மௌஸைப் பின்தொடர்ந்து பெரிதாக்கும் ஒரு லுவா நிரல் உண்டு. விளம்பரப் படத்துக்கு அவை அழகு. அட்டவணைப் பாடத்தில், எந்த நெடுவரிசையில் இருக்கிறோம் என்ற நினைவைப் பார்வையாளர் ஒவ்வொரு முறையும் புதிதாகத் தேட வேண்டியிருப்பதால் எனக்கு அவை ஒத்துவரவில்லை. கேடென்லைவின் டிரான்ஸ்ஃபார்ம் விளைவில் கைப்பட கீஃப்ரேம் (பெரிதாக்கம் தொடங்கும், முடியும் இடக்குறி) வைத்து, பாடம் முழுவதிலும் நான்கே இடங்களில் பெரிதாக்கினோம்: 15 ஃப்ரேமில் 150 விழுக்காட்டுக்குச் சென்று, பேச்சு முடியும்வரை நின்று, அதே வேகத்தில் திரும்புவது. 720 வரியில் பதிந்த படத்தை அதற்கு மேல் பெரிதாக்கினால் மங்கும். ஆகவே ஃபில் ஹேண்டில் காட்சியை மட்டும் கால்க்கின் அளவை 250 விழுக்காடாக்கித் தனியே பதிந்து செருகினோம்.

தலைப்பு எழுத்தில் ஒரு சிறு தொல்லை. எஃப்எஃப்எம்பெக் என்ற காணொளிக் கருவியின் எழுத்திடும் வடிகட்டியை முதலில் முயன்றேன். எங்கள் கணினியில் இருந்த பழைய பதிப்பு தமிழ் எழுத்துகளைச் சேர்த்து வடிவமைக்காததால், கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நின்றது. கேடென்லைவின் தலைப்புக் கருவியில் 'கொ', 'மை' எல்லாம் சரியாக வந்தன. ஏற்றுமதியில், கோப்பின் அட்டவணையை முன்பக்கம் வைக்கும் ஃபாஸ்ட்ஸ்டார்ட் தேர்வு இயங்குகிறதா என்று பார்த்துக்கொண்டோம். அது இருந்தால் கோப்பு முழுதும் இறங்கும்முன்பே இணையத்தில் படம் ஓடத் தொடங்கும். இறுதிக் கோப்பு 40 எம்பிக்குள் அடங்கியது. உரைக்கு ஐந்து மணி நேரம், திரைக்கு ஒன்றரை, குரலுக்கு இரண்டு, தொகுப்புக்கு ஆறு எனச் செலவாயிற்று.

பிப்ரவரியில் வந்த திருத்தம்

பாடம் வெளியாகி ஐந்து வாரம் கழித்து ஒரு மாணவி தன் நோட்டோடு வந்து, "மிஸ், கடைசில இருக்கிறவங்களுக்கு எப்பவுமே முதல் ரேங்க் வருது" என்றாராம். வீட்டில் தன் தெருப் பிள்ளைகளின் பெயர்களைப் போட்டுச் செய்து பார்த்திருக்கிறார். 312 எடுத்தவருக்கும் ரேங்க் 1, 451 எடுத்தவருக்கும் ரேங்க் 1.

அவர் சொன்னது சரி. ஜி2 முதல் ஜி11 வரையான மொத்தங்களுக்குள் ரேங்க் பார்க்கும் சூத்திரத்தை, அந்த எல்லை நகராதபடி டாலர் குறியிட்டு நிலைப்படுத்தாமல் கீழே இழுத்திருந்தோம். ஒவ்வொரு வரிசைக்கும் எல்லை ஒரு படி கீழிறங்க, கடைசி வரிசை தன்னோடு மட்டுமே போட்டியிட்டது. உரையைப் படித்த மூவரும், படத்தைப் பத்து முறை பார்த்த நானும் இதைக் காணாததற்குக் காரணம் இருந்தது. இளஞ்சிவப்புச் செல்கள் பெரிதாக்கும் இடத்தில், திரையின் மேற்பகுதியில் அழகாகத் தெரியட்டும் என்று கற்பனைப் பட்டியலை மொத்த மதிப்பெண்ணின் ஏறுவரிசையில் அடுக்கியிருந்தோம். ஏறுவரிசையில் ஒருவரைவிட அதிகம் எடுத்தவர்கள் அனைவரும் அவருக்குக் கீழேதான் இருப்பார்கள். எல்லை நழுவினாலும் விடை தற்செயலாகச் சரியாகவே வரும்.

அன்றிரவு பட்டியலின் வரிசையைக் கலைத்து, டாலர் குறியோடு சூத்திரத்தைப் போடும் காட்சியையும், ரேங்க் தோன்றும் காட்சிகளையும் குரலில்லாமல் மறுபடி பதிந்தோம். அக்கா மூன்று வாக்கியங்களை மட்டும் அதே பீரோவின் முன் படித்தார். கேடென்லைவில் பழைய துண்டுகளை நீக்கிப் புதியவற்றைச் செருகி ஏற்றுமதி செய்து முடிக்க ஐம்பது நிமிடம் ஆயிற்று. பாடம் பதினெட்டு நொடி நீண்டது. ஊக்கு கிடைக்காமல் மைக்கைக் கையில் பிடித்திருந்ததால் அந்த மூன்று வாக்கியங்கள் மட்டும் சற்றுத் தடித்த குரலில் கேட்கும். இதுவரை யாரும் சொல்லவில்லை.